ஆயுதக் கிடங்கிலிருந்து வந்த வாயு

தீமையிலிருந்து பிறந்த நன்மையை ஏற்கலாமா? அறநெறியாளர்களின் இப்பழைய கேள்வியை, நுரையீரலைப் படம்பிடிக்கும் மருத்துவக்கலை புதிய வடிவில் நம்முன் வைத்திருக்கிறது.

எம்.ஆர்.ஐ. படம் பெரும்பாலும் உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜனைக் கொண்டே உருவாகிறது. நுரையீரலில் நிறைந்திருப்பதோ காற்று. ஆகவே அது இருளாகவே தெரியும். இக்குறை நீங்க, லேசர் ஒளியின் துணையால் அணுக்கருக்களை ஒருமுகப்படுத்திய வாயுவை நோயாளி உள்ளிழுத்துச் சில நொடிகள் மூச்சை அடக்குகிறார். வாயு சென்ற இடம் ஒளிரும். ஆஸ்துமா போன்ற நோயால் அடைபட்ட இடம் இருண்டிருக்கும். 1994-இல் செனான் வாயுவால் சுண்டெலியின் நுரையீரல் படமாயிற்று. 1996-இல் ஹீலியம்-3 வாயு மனித நுரையீரலைத் தெளிவாகக் காட்டியது.

அந்த ஹீலியம்-3 எங்கிருந்து வந்தது? ஹைட்ரஜன் குண்டுகளுக்கென உண்டாக்கிய ட்ரிட்டியம், ஏறத்தாழ 12.3 ஆண்டுகளில் பாதியாகச் சிதைந்து ஹீலியம்-3 ஆகிறது. நகரங்களை அழிக்கச் சேர்த்துவைத்ததன் எச்சமே, மூச்சுத் திணறுவோருக்கு உதவிற்று.

இது குற்றமா? அன்று. மருத்துவர் குண்டு செய்யச் சொல்லவில்லை. அதற்குத் துணைநிற்கவும் இல்லை. ஆபத்து வேறிடத்தில் உள்ளது. நன்மை தொடரவேண்டும் என்பதற்காகத் தீமையும் தொடரட்டும் என்று உள்ளம் விரும்பத் தொடங்கினால், அன்றே நாம் அத்தீமையின் பங்காளிகள் ஆகிறோம். சாராயப் பணத்தில் பள்ளிக்குக் கூரை வேய்ந்தவர்கள், கடை மூடப்படும் நாளில் மகிழ்வார்களா, வருந்துவார்களா என்பதே உரைகல்.

ஹீலியத்துக்கும் அந்நாள் வந்தது. அமெரிக்கா 1988-இல் ட்ரிட்டியம் உற்பத்தியை நிறுத்தியிருந்தது. அணுகுண்டுகளின் எண்ணிக்கையும் குறைந்தது. 2001-க்குப் பின், எல்லைகளில் அணுப்பொருளைக் கண்டறியும் கருவிகளுக்கு ஹீலியம்-3 பெருமளவில் சென்றது. 2008-ஐ ஒட்டிக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஆய்வாளர் மீண்டும் செனானை நாடினர். அதன் படம் மங்கலாக இருந்ததால் கருவிகளைச் செம்மைப்படுத்த நெடுநாள் உழைத்தனர். செனான் குருதியில் கரைவதால், காற்று குருதியோடு கலக்கும் நிலையையும் அது காட்டியது. 2022 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது.

செனான் நாம் அனைவரும் சுவாசிக்கும் காற்றிலேயே உள்ளது. ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு, அவ்வளவே. அதனைத் தேடவைத்தது தட்டுப்பாடேயன்றி மனச்சான்று அன்று. நாமோ தட்டுப்பாடு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தீமையின் எச்சத்தால் நன்மை செய்வோர், அந்த எச்சம் இல்லாமலும் அதே நன்மையைச் செய்யும் வழியை இன்றே தேடக் கடன்பட்டவர்கள்.