பவுனுக்கு மூன்று பென்ஸ்

வேல்ஸின் தெற்கே ட்ரெடீகர் என்றொரு நிலக்கரி ஊர். அங்கே டேவிட் பெவன் என்ற சுரங்கத் தொழிலாளி. மனைவி ஃபீபிக்காக அவர் எழுதிய காதல் பாட்டு ஊர்க் கலைவிழாவில் முதலாவதாக வந்தது. பிரிட்டனின் தேசிய மருத்துவ சேவையை 1948இல் தொடங்கிய அனைரின் பெவன் அவர்களுடைய மகன்.

*

அனைரின் 13 வயதில் சுரங்கத்தில் இறங்கினார். 1922இல் ஊர் மன்ற உறுப்பினர். 1925இல் அப்பா மகனின் கைகளிலேயே உயிர்விட்டார். நிலக்கரித் தூசு நுரையீரலை அரித்த நோய். சட்டம் ஒப்புக்கொண்ட தொழில்நோய்களில் அது இல்லை. ஆகவே இழப்பீடும் இல்லை. வீடு முழுக்கக் கேட்ட இருமல் சட்டத்தின் காதுக்கு எட்டவில்லை.

*

ட்ரெடீகரில் 1890 முதல் ஒரு மருத்துவ உதவிச் சங்கம் இருந்தது. கூலியில் பவுனுக்கு மூன்று பென்ஸ் பிடித்தம். டாக்டர், மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் அதற்குள் அடக்கம். ஊர் ஆஸ்பத்திரியின் நிர்வாகக் குழுவுக்கு 1929-30இல் அனைரின் தலைவர்.

சந்தா கட்டுகிறவர் யாரிடமும் கும்பிடு போட வேண்டியதில்லை. முறை வந்ததும் எழுந்து போய்க் கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்லலாம். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இலவச வைத்தியம் தர்மமாகத் தோன்றியிருக்காது.

*

ஏழை வீட்டிலிருந்து வந்தவருக்கு ஏழைமேல் இரக்கம் இருக்கும் என்கிறார்கள். எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. ஏறியதும் ஏணியை இழுத்துக்கொண்டவர்களும் அதே தெருக்காரர்கள்தான். பெவனிடம் நான் காண்பது ஒரு பிடிவாதம்: எங்கள் ஆட்களுக்கு மட்டமானது போதும் என்று சொல்லாதே.

1945இல் சுகாதார அமைச்சரானபோது வீட்டுவசதியும் அவர் பொறுப்பு. நகராட்சி வாடகை வீட்டுக்கு 750 சதுர அடி போதுமென்றிருந்ததை 900 ஆக்கினார். மாடியில் ஒரு கழிவறை, கீழே ஒன்று. சிறிதாகக் கட்டினால் இன்னும் பல குடும்பங்களுக்குக் கிடைக்குமே என்றார்கள். நியாயமான கேள்வி, குழந்தைகளோடு ஒண்டுக் குடித்தனத்தில் காத்துக் கிடந்தவர்களுக்கு இன்னும் நியாயம். அவர் மசியவில்லை. 1951இல் வந்த அடுத்த அரசு அளவைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டியது.