தீனிப் புதிரும் பூனையின் மனமும்

மூன்று கிண்ணங்களைக் கவிழ்த்துவைத்து, ஒன்றின் அடியில் மட்டும் ஒரு துண்டு கருவாட்டை ஒளித்து, பூனை எதைத் தட்டுகிறது என்று பார்க்கும் சோதனை இப்போது பல வீடுகளில் நடக்கிறது. மூடியை நகர்த்தினால் தீனி கிடைக்கும் பிளாஸ்டிக் தட்டுகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. சரியான கிண்ணத்தைத் தட்டிய பூனை கெட்டிக்காரப் பூனை. முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது மந்தம். இப்படி வீட்டார் தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். பேசாத ஓர் உயிருக்கு மனம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்பதை வெளியே நின்று பார்த்துச் சொல்ல முடியுமா என்ற பழைய தத்துவக் கேள்வி அந்தத் தீர்ப்புக்குள் இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கி, ஆறாவது அறிவாகிய மனத்தை மக்களுக்கு உரியதாக்கியது. கூடவே, அந்தக் கிளையில் பிறவும் உண்டு என்று இடமும் விட்டுவைத்தது. சமணர்கள் ஐம்பொறி உயிர்களையே மனமுள்ளவை, மனமற்றவை என்று இரண்டாகப் பிரித்தார்கள். பிரெஞ்சு தத்துவஞானி டெகார்ட் 1637-இல் வெளியிட்ட நூலில் விலங்கை இயந்திரத்தின் வரிசையில் வைத்தார். அவர்கள் சிந்தித்துத் தீர்க்க முயன்றதை நாம் ஒரு துண்டு தீனியை வைத்துத் தீர்க்கப் பார்க்கிறோம். அது நடக்காது என்பதே என் வாதம். தீனிப் புதிரில் பூனையின் விருப்பமும் பழக்கமும் நம்மோடு அதற்குள்ள உறவும் அறிவோடு சேர்ந்தே வெளிப்படுகின்றன. அவற்றிலிருந்து அறிவை மட்டும் பிரித்தெடுக்க அந்தப் புதிருக்கு வழியில்லை.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் மூலம் உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1898-இல் வெளியிட்ட ஆய்வு. மரச்சட்டங்களால் ஆன பெட்டிக்குள் பசித்த பூனையை அடைத்து, வெளியே மீனை வைத்தார். கயிற்று வளையத்தை இழுத்தாலோ நெம்புகோலை மிதித்தாலோ கதவு திறக்கும். முதல்முறை 160 வினாடி எடுத்துக்கொண்ட ஒரு பூனை, பல முறை பழகிய பிறகு பத்து வினாடிக்குள் வெளியே வந்தது. ஆனால் நேரம் சட்டென்று விழவில்லை. ஏறி இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகவே குறைந்தது. பூனைக்குப் ‘புரிந்த’ கணம் என்று ஒன்று இல்லை, தற்செயலாகப் பலித்த அசைவு பதிந்துபோகிறது, அவ்வளவுதான் என்று அவர் முடிவுக்கு வந்தார். அவருடைய பெட்டிகளில் ஒன்று நம் கேள்விக்கு மிக முக்கியமானது. அதில் வளையமும் இல்லை, நெம்புகோலும் இல்லை. பூனை தன் உடலை நக்கினால் அவரே கதவைத் திறந்துவிடுவார். நக்குவதற்கும் கதவு திறப்பதற்கும் எந்தக் காரணத் தொடர்பும் இல்லை. அப்படியிருந்தும் பூனைகள் அதைக் கற்றன. நாளாக ஆக, நக்குவது போன்ற ஓர் அரைகுறைச் சைகையாக அது சுருங்கிப்போனது. காரணமே இல்லாத உலகத்தில் ஒரு மனம் வேறு எப்படித்தான் நடந்துகொள்ளும்? புரிந்துகொள்ள ஏதுமில்லாத ஒன்றைக் கொடுத்துவிட்டு, பூனைக்குப் புரியவில்லை என்று எழுதுவது நியாயமில்லை. மறுஆண்டே கனடாவின் வெஸ்லி மில்ஸ் இந்த முறையைக் கடுமையாகச் சாடினார். உயிரோடு சவப்பெட்டியில் அடைத்துப் புதைத்த மனிதனின் நடத்தையைக் கொண்டு மனித இயல்பைக் கணிப்பதற்கு அதை ஒப்பிட்டார்.

அடுத்த சான்று இன்னும் கூர்மையானது. உளவியலாளர்கள் கத்ரியும் ஹார்ட்டனும் 1946-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணாடி முகப்புள்ள பெட்டியின் தரையில் ஒரு கம்பம் நின்றது. பூனை அதை எப்படித் தொட்டு அசைத்தாலும் கதவு திறக்கும். அசைந்த கணத்தில் கேமரா படம் எடுக்கும். வெளியே மீன் காத்திருக்கும். சுமார் 800 தப்பித்தல்களைப் பதிவு செய்தார்கள். பூனைகள் முதுகை வளைத்து, விலாவைக் கம்பத்தில் உரசிச் சென்றன. மறுமுறையும் அதே உரசல். முன்பு செய்ததை அப்படியே திரும்பச் செய்வதே கற்றல் என்ற கோட்பாட்டுக்கு இதுவே ஆதாரமானது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பாடநூல்கள் அதைச் சுமந்தன. பிறகு 1979-இல் மூரும் ஸ்டட்டார்டும் எளிய ஒரு காரியம் செய்தார்கள்: மீனை எடுத்துவிட்டார்கள், கதவு திறக்கும் ஏற்பாட்டையும் நீக்கிவிட்டார்கள். பூனைகள் அப்போதும் கம்பத்தை உரசின. ஆனால் பார்வைக்கு எட்டும் இடத்தில் மனிதர் இருந்தபோது மட்டுமே உரசின. மனிதர் இல்லாதபோது உரசல் இல்லை. தெரிந்த மனிதரைக் கண்டால் நாற்காலிக் காலிலும் கதவு நிலையிலும் விலாவைத் தேய்த்தபடி வருவது பூனையின் வழக்கமான வரவேற்பு என்பது பூனை வளர்க்கும் எவருக்கும் தெரியும். கண்ணாடிக்கு இப்பால் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர்களுக்கு அந்தப் பூனைகள் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த வணக்கம் அறிவின் அளவாகப் பதிவாயிற்று.

இன்றைய வீட்டுச் சோதனையும் இதே குழியில்தான் விழுகிறது. பிரிட்டனில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், தீனி கட்டிய ஒற்றைக் கயிற்றை இழுக்கப் பூனைகள் எளிதில் கற்றன. இரண்டு கயிறுகளைக் குறுக்காகப் போட்டு, ஒன்றில் மட்டும் தீனியைக் கட்டியபோது தடுமாறின. காரண காரியத் தொடர்பு பூனைக்குப் பிடிபடவில்லை என்று முடிவானது. இருக்கலாம். ஆனால் கயிற்றை இழுப்பதே பூனைக்கு இன்பம். அதன் முனையில் தீனி உண்டா என்ற கவலை நம்முடையதாகவும் இருக்கலாம். 2021-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வு 17 பூனைகளுக்குப் புதிர்த்தட்டையும் சாதாரணத் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. எலி, புறா உள்ளிட்ட பல விலங்குகள் சும்மா கிடைக்கும் உணவு இருக்கும்போதே உழைத்தும் தின்னும். பூனைகளோ பெரும்பாலும் சாதாரணத் தட்டிலேயே தின்றன. புதிரைத் தொடாத பூனைக்கு அது தெரியவில்லையா, வேண்டவில்லையா? வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. தோல்வியையெல்லாம் ‘விருப்பமில்லை’ என்று தள்ளிவிட்டால், பூனைக்கு எந்த அறிவை வேண்டுமானாலும் ஏற்றிச் சொல்லலாமே? அறிவியல் பக்திப் பாட்டாகிவிடாதா? இந்த அச்சம் சரியானது. எளிய விளக்கம் போதுமானபோது உயர்ந்த மனத்திறனைக் கற்பிக்காதே என்று உளவியலாளர் லாயிட் மார்கன் 1894-இல் வகுத்த எச்சரிக்கையை நானும் ஏற்கிறேன். அது இரண்டு பக்கமும் வெட்டும்: பூனைக்கு மேதைமையைக் கற்பிக்கவும் விடாது, நம் புதிருக்குள் அடங்காததால் மனமே இல்லை என்று சொல்லவும் விடாது. சோதனையே கூடாது என்பதும் என் கட்சி அன்று. ஜப்பானில் சாஹோ தகாகியும் உடனாய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 30 பூனைகளின் முன் ஒரு பெட்டியைக் குலுக்கினார்கள்; பிறகு கவிழ்த்தார்கள். உள்ளே உருளும் சத்தம் கேட்டும் ஒன்றும் விழாதபோதும், சத்தமே கேட்காமல் பொருள் விழுந்தபோதும் பூனைகள் கூடுதல் நேரம் உற்றுப் பார்த்தன. இருளில் சத்தத்தை வைத்து இரை தேடும் உயிரிடம் சத்தத்தைப் பற்றியே கேட்டார்கள். பதிலாக அதன் பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பெட்டிக்குள் அடைப்பதும் இல்லை, தீனிக்காக எதையும் செய்ய வைப்பதும் இல்லை.

மனிதத் தேர்விலும் விருப்பம் கலந்திருக்கிறதே, ஆர்வமில்லாத மாணவனும் மதிப்பெண் இழக்கிறானே என்று கேட்கலாம். அந்த மாணவனுக்குத் தான் தேர்வு எழுதுகிறோம் என்பது தெரியும். அந்த ஒப்பந்தம்தான் விடைத்தாளை அறிவின் சான்றாக்குகிறது. நாய் ஏறக்குறைய இந்த ஒப்பந்தத்துக்கு வந்துவிட்ட உயிர். வேட்டைக்கும் மந்தைக்கும் மனிதனோடு சேர்ந்து உழைக்கவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டது. தீர்க்க முடியாத புதிரை வைத்தால் நாய் மனிதர் முகத்தைப் பார்க்கிறது, பூனை பெரும்பாலும் புதிரோடேயே மல்லாடுகிறது என்று ஹங்கேரி ஆய்வு ஒன்று 2005-இல் காட்டியது. தானியக் களஞ்சியத்து எலிகளைத் தேடி மனிதரிடம் வந்த பூனையிடம் யாரும் வேலை கேட்கவில்லை. நாயோடு ஒப்பிட்டு அதற்கு மதிப்பெண் குறைப்பது, எழுதாத ஒப்பந்தத்தை மீறியதாகக் குற்றம் சாட்டுவதாகும்.

வெற்றியையும் நான் இதே கண்ணோடுதான் பார்ப்பேன். கிண்ணத்தைச் சரியாகத் தட்டிய பூனை கருவாட்டு வாசனையைப் பின்தொடர்ந்திருக்கலாம். வைத்தவரின் கை கடைசியாக நின்ற இடத்தைப் பார்த்திருக்கலாம். அதைக் கண்டு மகிழுங்கள், தவறில்லை. வீட்டுக்குள்ளேயே வாழும் பூனைக்குத் தீனிப் புதிர் நல்லதுதான்: அவசரமாக விழுங்காமல் மெதுவாகத் தின்னும், கொஞ்சம் உடலசைவும் கிடைக்கும். எளிதானதில் தொடங்குங்கள், வேண்டாமென்று விலகினால் வற்புறுத்தாதீர்கள். ‘ஆர்வம் வரட்டும்’ என்று மட்டும் பட்டினி போட்டுச் சோதிக்காதீர்கள். சில நாட்கள் உண்ணாமல் போனாலே பூனையின் ஈரலில், குறிப்பாகப் பருத்த பூனையின் ஈரலில், கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.