ஈர உடையும் ஒரு கணப்பும்

நியாயம் கேட்டு ஆசிரியர்கள் வேலையை நிறுத்துகிறார்கள், பெற்றோரும் பிள்ளைகளும் அவர்களுக்குத் துணையாக வீதியில் நிற்கிறார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம், பெரியவர்களின் வழக்கில் குழந்தைகளை இழுத்துவிடுவது தர்மந்தானா என்று கேட்கும் குரலும் கூடவே எழுகிறது. அந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் விடை தேடப் புகுந்தால், என் சிந்தை இங்கிலாந்தின் நார்ஃபோக் பிரதேசத்திலுள்ள பர்ஸ்டன் என்னும் சிற்றூரில்தான் போய் நிற்கிறது.

அவ்வூர்ப் பள்ளிக்கு 1911இல் கிட்டி ஹிக்டன் தலைமை ஆசிரியையாகவும், அவர் கணவர் டாம் உதவி ஆசிரியராகவும் வந்து சேர்ந்தார்கள். முன்பு இருந்த ஊரிலேயே, பள்ளிக்கூட நாட்களில் பையன்களை வயல் வேலைக்கு இழுத்துக்கொள்ளும் பண்ணைக்காரர்களோடு மல்லுக்கு நின்று விரோதம் சம்பாதித்துக்கொண்டவர்கள். பர்ஸ்டனிலும் டாம் விவசாயக் கூலிகளின் சங்கத்துக்காக உழைத்தார்; 1913இல் நடந்த ஊர்மன்றத் தேர்தலில் அவர் வென்றார், பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் தலைவராயிருந்த பாதிரியார் தோற்றார். அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் வேர் இந்தத் தோல்வியிலேயே இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

கிட்டியின்மேல் சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்றை நான் பல நாள் யோசித்துப் பார்த்ததுண்டு. மழையில் நெடுந்தூரம் நடந்து தெப்பமாக நனைந்து வந்த பிள்ளைகளின் உடைகளை உலர்த்துவதற்காக, நிர்வாகத்தாரின் அனுமதியைப் பெறாமல் அவர் பள்ளியின் கணப்பை மூட்டிவிட்டாராம்! அநாதை நிலையத்திலிருந்து வந்து அவ்வூரில் வளர்ந்த இரண்டு சிறுமிகளை அடித்தார் என்று இன்னொரு குற்றமும் சேர்ந்தது. தங்கள் பிள்ளைகளைத் தினமும் அவரிடம் அனுப்பிவந்த தாய்மார் அதை நம்பவில்லை. விசாரணை நடந்தது, இருவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

வயலட் பாட்டர் என்ற பதின்மூன்று வயதுப் பெண், நாளை நாங்கள் வேலைநிறுத்தம் செய்யப்போகிறோம் என்று கரும்பலகையில் எழுதினாள். 1914 ஏப்ரல் 1ஆம் தேதி காலையில், அந்தப் பள்ளியின் 72 பிள்ளைகளில் 66 பேர் கொடிகளை ஏந்திக்கொண்டு, எங்கள் ஆசிரியர்களைத் திரும்பக் கொடுங்கள் என்று எழுதிய அட்டைகளோடு ஊரைச் சுற்றி வந்தார்கள். பெரியவர்களின் வழக்கு என்றா இதைச் சொல்வது? மூட்டிய தீ யாருக்காக மூட்டப்பட்டதோ, நனைந்த சட்டை எந்த உடம்பை ஒட்டிக் கிடந்ததோ, அவர்களைக் காட்டிலும் அந்த வழக்கில் பாத்தியதை உள்ள சாட்சி வேறு யார் இருக்க முடியும்?

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஐப்பசி மழையில் நனைந்து வகுப்பு வாசலில் நடுங்கிக்கொண்டு நின்ற என்னைக் கூப்பிட்டு, தம் தோள்துண்டை எடுத்து என் தலையைத் துவட்டிவிட்ட உபாத்தியாயர் ஒருவர் இருந்தார்; அந்தத் துண்டில் மூக்குப்பொடியின் வாசனையும் வெயிலில் காய்ந்த துணியின் வாசனையும் கலந்திருந்தது. ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதைவிடக் குறைந்த தொகையைச் சம்பளமாகக் கையில் கொடுக்கும் வழக்கம் அந்தப் பள்ளியில் இருந்தது. கையெழுத்திட்டதை முழுதாகக் கொடுங்கள் என்று அவர் கேட்டார். அடுத்த மாதம் அவருக்கு அங்கே வேலை இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடும் இரண்டு பாய்ச்சுருட்டோடும் அவர் குடும்பம் மாட்டுவண்டியில் ஏறிப் போனபோது, நானும் என் தந்தையாரும் எங்கள் திண்ணையில்தான் இருந்தோம். அப்பா எழுந்து நின்றார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். வண்டி திருப்பத்தில் மறையும் வரையில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பர்ஸ்டன் தகப்பன்மார்களும் என் தந்தையாரைப் போன்ற ஏழைகளே. பெரும்பாலோர் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று அவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்து, தலைக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் அபராதம் விதித்தார்கள். அவ்வூர் ஜனங்களும் அவர்களிடம் அனுதாபம் கொண்டவர்களும் வசூலித்த பணத்திலிருந்து அது கட்டப்பட்டது. தேவாலயத்துக்குச் சொந்தமான துண்டு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவர்களுக்கு, நிலத்தைக் காலி செய்யும்படி பாதிரியாரிடமிருந்து உத்தரவு வந்தது. உண்மையில் பிள்ளைகள் அதிகாரிகளின் பள்ளிக்குத்தான் போகவில்லையே ஒழிய, படிப்பை ஒருநாளும் விடவில்லை. ஊர்ப் புல்வெளியில் திறந்த வானத்தின்கீழ் ஹிக்டன் தம்பதியிடம் பாடம் கேட்டார்கள். பிறகு ஒரு தச்சுப் பட்டறையே பள்ளியாயிற்று. வீடுகளிலிருந்து நாற்காலிகளும் மேசைகளும் வந்தன.

குழந்தைகளைக் கருவியாக்கிக்கொள்ளும் பெரியவர்கள் உலகில் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஒருநாள் ஊர்வலத்துக்கு மட்டும் பிள்ளையை முன்னே நிறுத்திவிட்டு, மறுநாள் அவனையும் மறந்து ஆசிரியரையும் மறந்துவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். பர்ஸ்டன் தாய்மார் செய்தது அதுவன்று. அந்த ஏப்ரல் காலைக்கு மறுநாளும், அடுத்த திங்கட்கிழமையும், மகாயுத்தம் மூண்டு ஆண்கள் போர்முனைக்குப் போன பிறகும், பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டு அதே ஆசிரியரிடம் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கொடி பிடிப்பதைக் காட்டிலும் பன்மடங்கு கஷ்டமானது இந்தத் தினசரிக் காரியம். ஆதரவு என்னும் சொல்லுக்கு இதையன்றி வேறு பொருள் எனக்குத் தோன்றவில்லை. தொழிற்சங்கங்கள் தந்த நன்கொடையால் 1917இல் புதிய கட்டடம் எழுந்தது. அதைத் திறந்து வைத்தவள், அன்று கரும்பலகையில் எழுதிய அந்த வயலட்தான். 1939இல் டாம் காலமாகும் வரையில், கால் நூற்றாண்டு, அந்தப் பள்ளி நடந்தது.

மாட்டுவண்டி போன அன்று என் தந்தையார் என்ன நினைத்தார் என்று பெரியவனான பிறகு அவரிடம் கேட்கப் பலமுறை எண்ணியதுண்டு. அப்பாவுக்கும் அந்தப் பள்ளி நிர்வாகத்தாரிடம் கடன் இருந்தது என்பதை அவர் மறைந்த பிறகு, பழைய காகிதங்களைப் பிரித்துப் பார்த்தபோதுதான் அறிந்தேன். அந்தக் காகிதங்களுக்குள் இருந்த கடன் நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.