கரிமூட்டமும் கண்மாயும்

திருச்சுழி வட்டாரச் சிற்றூர்கள் பலவற்றில் பூட்டிய கதவுகளையே நாம் முதலில் காண்கிறோம். கண்மாய் தூர்ந்தது, மானாவாரிப் பருத்தி கடனையே விளைவித்தது, பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போயினர். கைவிடப்பட்ட புஞ்சையில் சீமைக்கருவேலம் மண்டியது.

2017இல் அம்மரத்தை அகற்றுமாறு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. அதே ஆண்டில் குடிமராமத்துப் பணிக்கு அரசு மீண்டும் உயிரூட்டியது. ஊர் மீள்வதற்கான வழிகள் என்று நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் அந்த மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைத்தவர் யார்? நிலமற்றவர், வெளியூர் செல்ல வழியற்றவர். மழை பொய்த்த ஆண்டுகளில் அவர்களுக்குக் கூலி தந்தது நாம் சபிக்கும் முள்மரமே. கண்மாய் பெருகினால் ஆயக்கட்டில் நிலமுடையோருக்கு நெல் விளையும். மூட்டம் போட்டவருக்கு என்ன விளையும்?

ஊர் சீர்பெற வேண்டாம் என்போமா? ஒருபோதும் இல்லை. (திருவிழாவுக்கு மட்டும் ஊர் திரும்பும் நம்மில் பலருக்கு இதில் பேச உரிமை உண்டா என்பதே ஐயம்.) ஆனால் குடிமராமத்துப் பணிகள் ஆயக்கட்டுதாரர் சங்கங்களிடமே ஒப்படைக்கப்பட்டன. பஞ்சத்திலும் ஊரைவிட்டு அகலாது தங்கியவருக்கு, நிலமில்லை என்ற ஒரே காரணத்தால், அச்சங்கங்களில் இடமில்லை. ஊர் யாருடையது என்பதைப் பட்டாவைப் பார்த்தே நாம் முடிவுசெய்கிறோமா?