நாலு பேருக்காகச் செலவழிக்கும் வீடு

ஒரு குடும்பம் கடனில் மூழ்கினால் ஊர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடும்: கையில் கட்டுப்பாடு இல்லை, ஆசை அதிகம், சிக்கனம் தெரியாது. இந்தத் தீர்ப்பை நான் ஏற்பதில்லை. எனக்குத் தெரிந்த வீடுகளைக் கடனில் தள்ளிய செலவுகளில் பெரும்பாலானவை ஆசைப்பட்டுச் செய்தவை அல்ல. செய்யாவிட்டால் என்ன பேசுவார்களோ என்று பயந்து செய்தவை. காதுகுத்துக்கு மண்டபம், பெண் பெரியவளானால் தெரு முழுக்க ஃபிளெக்ஸ், தாய்மாமன் சீர் என்று தட்டுகள் நிறைந்த ஊர்வலம். இவற்றைச் செய்து முடித்த இரவில் அந்த வீட்டாரின் முகத்தைப் பார்த்தால் தெரியும், ஆசை தீர்ந்த முகம் அல்ல அது. ஒரு கண்டத்தைத் தாண்டிய முகம்.

பயத்தினால், காரணம் கேட்காமல், எல்லோரும் செய்கிறார்கள் என்பதற்காகவே செய்யும் காரியத்தை மற்ற இடங்களில் மூடநம்பிக்கை என்கிறோம். பணம் கைமாறும் இடத்தில் மட்டும் அதே காரியத்தைக் கௌரவம் என்கிறோம். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பது இந்த நாட்டின் மிகப் பெரிய கடவுள். இந்தக் கடவுளை மறுக்காதவர் மற்றக் கடவுள்களை மறுத்து என்ன பயன்?

இதைப் பகுத்தறிவாளர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. 1928-இல் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தபோது விலக்கப்பட்டது புரோகிதர் மட்டும் அல்ல, கடன் வாங்கிச் செய்யும் ஆடம்பரமும்தான். 1967-இல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய சட்டத்திருத்தம் அந்தத் திருமணத்துக்கு என்ன கேட்கிறது என்று படித்துப் பாருங்கள். உறவினரோ நண்பரோ வேறு யாரோ சிலர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் அணிவித்தாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். ஊரைக் கூட்டிப் பகிரங்கமாக நடத்த வேண்டிய கட்டாயம்கூட இல்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒரு பூமாலையின் விலையில் முடிந்துவிடும் காரியம் இது. ஆனால் இன்று கறுப்புச் சட்டைக்காரர் வீட்டுத் திருமணத்திலும் குளிரூட்டிய மண்டபம் இருக்கிறது, டிரோன் கேமரா பறக்கிறது, மணப்பெண் கழுத்தில் எத்தனை சவரன் என்ற கணக்கும் நடக்கிறது. மந்திரம் போய்விட்டது; மந்திரத்துக்குப் பின்னால் இருந்த பயம் அப்படியே இருக்கிறது.

தங்கத்தை எடுத்துக்கொள்வோம். அட்சய திருதியை அன்று ஒரு குண்டுமணித் தங்கமாவது வாங்க வேண்டும் என்று நம் பாட்டிமார் பதறியதில்லை. நகைக்கடை விளம்பரம் வளர்ந்த அளவுக்கு இந்தச் சடங்கும் வளர்ந்தது. சரி, தங்கம் சேமிப்புதானே என்பார்கள். கணக்குப் போடுவோம். 5 சவரன் நகை என்றால் 40 கிராம். சேதாரம் 15 சதவீதம் என்று போட்டால் 6 கிராமுக்கு, அதாவது முக்கால் சவரனுக்கு, கையில் வராத தங்கத்துக்குப் பணம் கொடுக்கிறோம். அதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. ஆபத்துக்கு அதே நகையை அடகு வைக்கப் போனால் கல்லைக் கழித்து எடை போடுவார்கள். சேதாரத்துக்கு ஒரு ரூபாய் தர மாட்டார்கள். சேமிப்புத்தான் நோக்கம் என்றால் வாங்கிய கணத்திலேயே ஏழில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும் வழியை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். நகை கழுத்தில் இருக்க வேண்டும், கழுத்து பார்வையில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த விலை.

இந்த ஓட்டத்தை நிறுத்திய ஒரு குடும்பத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கணவன், மனைவி இருவரும் ஆசிரியர்கள். நல்ல சம்பளம். ஆனாலும் மாதக் கடைசியில் கிரெடிட் கார்டைத் தேய்க்கும் நிலை. ஒரு நாள் இருவரும் உட்கார்ந்து ஓர் ஆண்டின் செலவுகளை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: யாரும் பார்க்க மாட்டார்கள் என்றால் இதைச் செய்திருப்போமா? அரிசி, பருப்பு, பிள்ளைகளின் புத்தகம், மாமியாரின் மருந்து, மனைவி ஆசையாக வாங்கிய பாட்டுப் பெட்டி எல்லாம் அந்தக் கேள்வியைத் தாண்டி நின்றன. நகைச் சீட்டு நிற்கவில்லை. வாஸ்து சரியில்லை என்று இடித்துக் கட்டிய சமையலறை நிற்கவில்லை. உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு, அவர்கள் முன்பு வைத்ததைவிடக் கூட்டி வைத்த மொய் நிற்கவில்லை. தெருவில் பெரிய கார் நிற்கிறதே என்பதற்காக மாற்றிய கார் நிற்கவில்லை. ஆசைக்காகச் செலவழித்தது மிகக் குறைவு என்று கண்டதுதான் அவர்களை உலுக்கியது.

கார்டுக் கடனின் கணக்கு அதைவிடக் கொடியது. 50,000 ரூபாய் நிலுவைக்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 1,750 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 315 ரூபாய். மாதம் 2,500 ரூபாய் கட்டினால் கடனில் குறைவது வெறும் 435 ரூபாய். கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதே கழுத்தை நெரிக்கும் வட்டியைப் பளபளக்கும் அட்டையில் கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறோம்.

அந்தத் தம்பதி கேட்டது போன்ற கேள்வியை முன்பே கேட்டவர்கள் உண்டு. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்றவர். பம்பாயில் கோட்டும் சூட்டுமாகத் தொழில் நடத்தியவர். 1929-இல் காந்தியைச் சந்தித்த பிறகு அதையெல்லாம் விட்டார். கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் கல்லுப்பட்டியில் எளிமையாகக் கழித்தார். அவர் கிறிஸ்தவர், ஆழ்ந்த நம்பிக்கையாளர். பெரியாரோ ஈரோட்டுப் பெருவணிகர் வீட்டில் பிறந்து, காசைச் செலவழிக்க யோசித்து யோசித்து, கையெழுத்துக்கும் பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கும் பணம் வாங்கி, அதை இயக்கத்துக்கே சேர்த்தவர். கடவுள் விஷயத்தில் இருவரும் எதிரெதிர்த் துருவம். ஆனால் ஒரு செலவு யாருக்கு, எதற்கு என்று பதில் கிடைக்கும்வரை கேட்கும் துணிவு இருவருக்கும் இருந்தது. அந்தத் துணிவைத்தான் நான் பகுத்தறிவு என்கிறேன்.

அந்த ஆசிரியத் தம்பதி அடுத்துக் கொல்லையைத் திருத்தினார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். எளிமை என்ற பெயரிலேயே இப்போது பெரிய கடை விரித்திருக்கிறார்கள். செடி வளர்க்கும் பைகள், தென்னைநார்க் கழிவுக் கட்டிகள், வெளிநாட்டு விதைகள், செப்புக் குடம், மண்சட்டி வரிசை என்று எளிமையாக வாழ ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்களைப் பார்க்கிறேன். பழைய பயம் வேறு உடையில் வந்திருக்கிறது. இம்முறை நாலு பேர் 'எவ்வளவு இயற்கையாக வாழ்கிறார்கள்' என்று சொல்ல வேண்டும். தக்காளியையும் முட்டைக்கோஸையும் பையில் வளர்த்தால் பெரும்பாலும் சந்தை விலையைவிடக் கூடுதலாகத்தான் அடக்கமாகும். உண்மையில் பணம் மிச்சமாவது கேட்பாரற்று நிற்கும் செடிகளில்தான்: கறிவேப்பிலை, பப்பாளி, எலுமிச்சை, பாத்திரம் கழுவிய தண்ணீரில் வளரும் வாழை, ஆடியில் விதைத்துப் பந்தலில் ஏற்றிவிட்ட அவரையும் பீர்க்கும், இருபத்தைந்து நாளில் அறுக்க வரும் சிறுகீரை. எல்லாவற்றுக்கும் மேலாக முருங்கை.

முருங்கையை வீட்டு வாசலில் வைக்கக் கூடாது, பேய் குடியேறும், குடும்பம் முருங்கைக்கிளை போல முறியும் என்று இன்றும் சொல்கிறார்கள். கிளை உறுதியற்றது, பிள்ளைகள் ஏறினால் விழுவார்கள். பருவத்தில் கம்பளிப்பூச்சி அப்பும், உடம்பில் பட்டால் தடிக்கும். காரணம் இவ்வளவுதான். ஏறும் ஆபத்துக்கு வழி இருக்கிறது: உயரத்தைக் கவாத்து செய்து இடுப்பளவில் வைத்துக்கொள்ளலாம், ஏறவேண்டிய தேவையே வராது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை விதை போட்ட ஆறேழு மாதத்தில் காய்க்கிறது. இதே இலையைப் பொடியாக்கிக் குப்பியில் அடைத்து வெளிநாட்டில் விற்கிறார்கள். நாமோ பேய்க்குப் பயந்து மரத்தை வெட்டிவிட்டுச் சத்துமாத்திரை வாங்குகிறோம்.

தோட்டம் எனக்குப் பிடிப்பதற்கு இன்னொரு காரணம், அங்கே எந்தப் பெருமையையும் சோதித்துப் பார்க்க முடியும் என்பது. பஞ்சகவ்யம் தெளித்தால் வெண்டை இரட்டிப்பாகக் காய்க்கும் என்று அந்த வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர் சொன்னார். அந்தத் தம்பதி அதை மறுக்கவும் இல்லை, வணங்கவும் இல்லை. ஒரே விதை, ஒரே வெயில், இரண்டு பாத்தி; ஒன்றுக்கு அது, மற்றதற்கு வெறும் மட்கிய குப்பை. பறித்த காயை எடை போட்டு எழுதினார்கள். அடுத்த பருவத்தில் பாத்திகளை மாற்றிப் போட்டார்கள். ஒரு தடவை ஜெயித்ததை நம்பக் கூடாது என்று பன்னிரண்டு வயது மகள்தான் சொன்னாள். பள்ளியில் அறிவியல் பாடத்தில் நூறு மதிப்பெண் வாங்கி, வீட்டில் எலுமிச்சம்பழத்தைக் கார் சக்கரத்தில் நசுக்கும் பிள்ளைகள் நிறைந்த நாட்டில், அந்தப் பெண் பேசியது எனக்குப் பெரிய நம்பிக்கை தந்தது.

இனி, சிக்கனத்தைப் புகழ்பவர்கள் பேசாமல் விடுவதைப் பேச வேண்டும். நம் வீடுகளில் சிக்கனம் என்பது பல தலைமுறையாகப் பெண்ணின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிட்டவளை 'என்ன சிக்கனமான மருமகள்' என்று பாராட்டினார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. கொல்லையில் முருங்கை நின்றால் போதாது. பொரியலில் அவள் பங்கு முதலில் எடுத்து வைக்கப்பட வேண்டும். கூடவே எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்தால் இலையிலுள்ள இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேர்வது குறையும். இது ஐந்தாம் வகுப்புப் பாடம். ஆனால் இதை வீட்டு ஆண்கள் எத்தனை பேர் தெரிந்து வைத்திருக்கிறார்கள்? வேலைக்காரியை நிறுத்தினோம், ஓட்டலை நிறுத்தினோம், வடகமும் ஊறுகாயும் வீட்டிலேயே என்று பெருமைப்படும் ஆண் அதில் எத்தனை மணி நேரம் தன் கையால் உழைத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். மனைவியின் முதுகில் ஏற்றிய வேலைக்குச் சேமிப்பு என்று பெயர் வைப்பது திருட்டு.

அதே போல, அன்றாடக் கூலி வேலைக்குப் போகிறவரிடம் சிக்கனத்தைப் போதிக்கும் வாயும் எனக்குப் பிடிக்காது. ஒரு நாள் கூலியில் ஒரு நாள் வாழ்கிறவருக்கு இது தெரியாதா? அவர் கடன் வாங்குவது பெரும்பாலும் நோய்க்கு. சிக்கனம் பேச வேண்டியது தேவைக்கு மேல் சம்பாதிப்பவரிடம், அதுவும் அவர் மிச்சப்படுத்தியது எங்கே போகிறது என்ற கேள்வியோடு.

அந்தக் கேள்வி என்னைக் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் கொண்டு சேர்க்கிறது. ஒரு தகப்பன் ஏன் மகள் கல்யாணத்துக்கு வாழ்நாள் சேமிப்பைக் கொட்டுகிறான்? பாசம் என்பான். பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நகையும் சீரும் பிற்பாடு என்ன வேலை செய்கின்றன என்று பாருங்கள். தகப்பன் இறந்ததும் அண்ணன் தம்பிகள் விடுதலைப் பத்திரத்தோடு வருகிறார்கள். 'உனக்குத்தான் அப்பா அவ்வளவு செய்தாரே' என்கிறார்கள். அவள் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டு கழித்து 1989-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. 2005-இல் நாடு முழுதும் வந்தது. சட்டத்தை வெல்ல முடியாதவர்கள் மண்டபத்தையும் நகையையும் வைத்து அதைத் தோற்கடிக்கிறார்கள். ஆடம்பரக் கல்யாணத்தின் பாதிச் செலவு, மகளுக்கு மண்ணில் பங்கு கொடுக்காமல் இருக்கத் தகப்பன் முன்கூட்டியே கட்டும் விலை. குறைந்த செலவில் கல்யாணம் முடித்து, பங்கையும் கொடுக்காத தகப்பன் இன்னும் மோசம். அவனுடைய எளிமைக்கு நான் கைதட்ட மாட்டேன்.

10 லட்சம் ரூபாய் மதிப்புவரையுள்ள வீடு, மனை, நிலத்தைப் பெண்கள் பெயரில் வாங்கிப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை என்று 2025 ஏப்ரல் முதல் தமிழக அரசே தருகிறது. நகைக்கடைத் தள்ளுபடிக்கு வரிசையில் நிற்கும் நடுத்தரக் குடும்பங்கள் இந்தத் தள்ளுபடிக்கும் நிற்கலாம்.

அந்த ஆசிரியத் தம்பதி நகைச் சீட்டை நிறுத்திய பணத்தில் கடனை அடைத்தார்கள். மகனுக்குப் பதிவு அலுவலகத்தில் திருமணம் நடந்தது. இருபது பேருக்கு வீட்டிலேயே சாப்பாடு. உறவினர்கள் முகத்தைச் சுளித்தாலும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பிறகு வீட்டையும் கொல்லையையும் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாக உயில் எழுதிப் பதிவு செய்தார்கள். மண்டபம் இல்லாத கல்யாணத்தைப் பொறுத்துக்கொண்ட அதே உறவினர்களில் பலர் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை.