விடுமுறை யாருக்கு?

கோடை விடுமுறை நெருங்கியதும் வீடுதோறும் ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. "இந்த வருஷம் எங்கே போகலாம்?" நம் பக்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலும் முடிவாவது, இரண்டு நாள் மதுரை, மூன்று நாள் கொடைக்கானல் என்பதே. நல்ல முடிவுதான். பட்டணமும் பார்த்ததாயிற்று, மலையும் ஏரியும் பார்த்ததாயிற்று. ஆனால், அன்பார்ந்த வாசகர்களே, எங்கே என்று கேட்குமுன் யாருக்கு என்று கேட்டோமா?

ஓய்வு என்றாலே சோம்பல் என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. அது சரியன்று. உழைப்பவனுக்குக் கூலி எப்படி நியாயமாய்ச் சேரவேண்டுமோ, அப்படியே ஓய்வும் சேரவேண்டும். கடன் வாங்கிச் செல்லும் உல்லாசப் பிரயாணத்தைப்பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. அது தகாதென்று எல்லாருக்கும் தெரியும். ஆடி மாதம் வட்டி கட்டும்போது இன்னும் நன்றாகத் தெரியும்.

பிரயாணத் திட்டத்தைக் குடும்பத் தலைவர் ஒரு தாளில் எழுதுகிறார். காலையில் திருமலை நாயக்கர் மகால், பதினொரு மணிக்குக் காந்தி அருங்காட்சியகம், பிற்பகல் கடைவீதி, மாலை மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்கள். தாளில் எல்லாம் அடங்கிவிடும், மனிதர்கள் அடங்குவார்களா? 1636-ம் ஆண்டில் கட்டிய மகாலின் பெருந்தூண்களை அண்ணாந்து பார்க்கப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிஷம் போதும். தாத்தாவுக்கு ஒரு மணி நேரமும் போதாது. ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959-ம் ஆண்டில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்திலே, காந்தியடிகள் சுடப்பட்ட நாளின் இரத்தக்கறை படிந்த துணி இருக்கிறது. அதன் முன்னால் சற்று மௌனமாய் நிற்க வேண்டாமா? "நேரமாச்சு, நேரமாச்சு" என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினால், பார்த்தோம் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இனி தாயாரின் காரியத்துக்கு வருவோம். மலையில் சமையல் வசதியுள்ள ஜாகை பிடித்தால் செலவு குறையும் என்று கணக்குப் போடுகிறோம். கணக்கு சரியே. ஆனால் வீட்டில் சமைத்தவள் அங்கும் சமைப்பாள். குளிரில் எழுந்து வெந்நீர் போடுவாள். மற்றவர்கள் படகில் போகும்போது கரையில் உட்கார்ந்து செருப்புக்கும் பைக்கும் காவலிருப்பாள். கேட்டால், "உங்கள் சந்தோஷந்தான் என் சந்தோஷம்" என்பாள்.

இந்தப் பதிலை நாம் ஏற்கலாமா? பொய்யென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. உண்மையிலேயே அவள் உள்ளம் அப்படி மகிழக்கூடும். ஆயினும் ஒன்றை யோசியுங்கள். கொடுக்காமல் இருக்கவும் கூடுமானவன் கொடுப்பதே கொடை. தாயாரின் ஓய்வை முன்கூட்டியே திட்டத்திலிருந்து கழித்து வைத்துவிட்டு, பிறகு அதைத் தியாகம் என்று புகழ்ந்தால், அது அவள் தந்ததா, நாம் எடுத்துக்கொண்டதா? ஆகையால் தாளில் எழுதுமுன்னே கேட்கவேண்டும். "உனக்கு எது வேண்டும்?" என்பதைவிட, "உனக்கு எது வேண்டாம்?" என்று கேட்பது நலம். பல வருஷம் ஒன்றும் கேட்டுப் பழகாதவளுக்கு முதற்கேள்விக்குச் சட்டென்று விடை வராது. இரண்டாவதற்கு உடனே வரும்: "அடுப்பு வேண்டாம்." ஏரியைச் சுற்றி வர சுமார் 5 கிலோமீட்டர். யாருடைய கையையும் பிடிக்காமல், யாருக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுக்காமல், அவள் ஒரு தடவை தன் போக்கில் நடந்து வரட்டுமே. ஒரு வேளை தந்தையாரே பிள்ளைகளுக்கு ஊட்டினால் மலை இடிந்து விழுந்துவிடாது.

அந்த ஏரி தானாய் உண்டானதன்று. 1863-ம் ஆண்டில், மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை தம் சொந்தச் செலவில் அணை கட்டி உண்டாக்கியது. அதில் வழிகிற நீரே மலைப்பாதையில் நாம் நின்று படம் எடுக்கும் வெள்ளி அருவியாய் விழுகிறது. மேலே கரையில் எறிந்த குப்பை கீழே யாரிடம் போய்ச் சேருமென்று பிள்ளைகளுக்கு அங்கேயே காட்டலாம். கூட்டம் மிகுந்துபோய், உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் வாங்கும் முறை வந்தது. சிலர் இதைத் தொந்தரவென்று முணுமுணுக்கிறார்கள். நமக்கு மூன்று நாள் விடுமுறையான ஊர், பூம்பாறையில் படிக்கட்டு வயல்களில் பூண்டு விளைவிக்கிறவனுக்கு வருஷம் முழுதும் வீடு. அவன் மனைவிக்குப் பிரசவ வலி கண்டால், அவளை ஏற்றிய வண்டியும் நம் வண்டிக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும்.

வாடகை வண்டியில் போகிறவர்களுக்கு இன்னொன்று. நாம் கம்பளியைப் போர்த்துக்கொண்டு தூங்கும்போது ஓட்டுநர் எங்கே தூங்குகிறார்? வண்டிக்குள்ளேதான் பல இடங்களில். தங்கும் விடுதிகள் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிவறையும் அமைக்கவேண்டுமென்று 2023-ம் ஆண்டில் தமிழக அரசு கட்டட விதிகளில் சேர்த்தது. ஆனாலும் பழைய விடுதிகள் எத்தனையோ. அறைக்கு முன்பணம் கட்டுமுன், "ஓட்டுநருக்கு இடம் உண்டா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு விடுதி பாருங்கள்; அல்லது அவருக்கும் ஓர் அறைக்கான தொகையைச் செலவுக் கணக்கில் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.