நாடி
எங்கள் பக்கம் மோவாயை நாடி என்போம். பெண் பார்க்க வந்தவர்கள் “நாடி கொஞ்சம் நீளம்” என்று சொல்லிப்போனதிலிருந்து, மாணவி ஒருத்தி அதைக் குறைக்கும் அறுவைசிகிச்சை பற்றிக் கேட்கிறாள்.

பெரும்பாலும் கீழுதட்டின் உட்புறம் கீறி எலும்பைக் குறைப்பார்கள். வீக்கம் முழுதாக வடியச் சில மாதங்களாகும். உதட்டுக்கும் நாடிக்கும் உணர்வு தரும் நரம்பு அருகிலேயே ஓடுகிறது. மரத்துப்போனால் பலருக்குச் சரியாகிவிடும், சிலருக்கு நிலைத்துவிடும்.

தூத்துக்குடியில் முத்தைச் சல்லடையில் சலித்து, உருண்டை பார்த்து விலை வைத்தார்கள். கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. பெண்ணைத் தரம்பிரிப்பது முடியவில்லை.

முகம் அவளுடையது, தடுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தக் ‘குறை’ அவளுடையதல்ல, வந்தவர்கள் விட்டுப்போனது. அவர்களுக்கு நாடி ஓர் அளவு. ஆச்சி அதைப் பிடித்துக் கொஞ்சும்போது உணர்கிறவள் அவள்தான். முடிவெடுக்குமுன் அந்தக் கையையும் கணக்கில் சேர்த்துக்கொள் என்றேன்.